தெர்மோஎலக்ட்ரிக்: அனல்மின்னா, வெப்பமின்னா?

பள்ளி அறிவியல் கண்காட்சிகளில் ‘வெப்பத்திலிருந்து மின்சாரம்’ என்ற தலைப்பில் இரண்டு வகை மாதிரிகள் வருவதுண்டு. ஒன்றில், கொதிநீரின் ஆவி சிறு காற்றாடியைச் சுழற்ற, அது டைனமோவை இயக்கும். இன்னொன்றில் சுழலும் பாகமே கிடையாது. வெந்நீர்ப் பாத்திரத்துக்கும் பனிக்கட்டிக்கும் நடுவில் ஒரு வெள்ளை வில்லை, அதிலிருந்து இரண்டு வயர், முனையில் ஒரு எல்இடி, அவ்வளவுதான். அட்டையில் இரண்டுக்குமே ‘அனல்மின்’ என்று எழுதிவிடுகிறார்கள். அது சரியல்ல.

அனல் என்றால் நெருப்பு. எரிபொருளை எரித்து, நீராவியால் டர்பைனைச் சுழற்றும் வடசென்னை, மேட்டூர் நிலையங்களுக்கு அனல்மின் நிலையம் என்ற பெயர் நன்றாகவே பொருந்துகிறது. இடையில் எந்த இயந்திரமும் இல்லாமல் வெப்பநிலை வேறுபாடே நேராக மின்னழுத்தமாவதுதான் தெர்மோஎலக்ட்ரிக். இதற்கு ‘வெப்பமின்’ என்பதே தகும்.

தெர்மோஸ் என்பது கிரேக்கத்தில் ‘சூடான’ என்று பொருள்படும். எலெக்ட்ரான் என்றால் அம்பர். தேய்த்தால் துரும்பை இழுக்கும் மரப்பிசின் கல். நம் ‘மின்’னோ மின்னுதலில் பிறந்தது.

1821இல் பெர்லினில் தாமஸ் சீபெக் இருவேறு உலோகங்களை வளையமாக இணைத்து, ஒரு சந்தியை மட்டும் சூடாக்கினார். அருகிலிருந்த காந்த ஊசி திரும்பியது. வெப்பம் காந்தத்தை உண்டாக்குகிறது என்று எண்ணி ‘வெப்பக் காந்தம்’ என்றே அவர் பெயரிட்டார். வளையத்தில் மின்னோட்டம் பாய்வதால்தான் ஊசி திரும்புகிறது என உணர்ந்து, ‘தெர்மோஎலக்ட்ரிக்’ என்ற பெயரைத் தந்தவர் டென்மார்க் இயற்பியலாளர் ஆர்ஸ்டெட்.

இப்படி இணைத்த உலோக ஜோடி, தெர்மோகப்பிள், பாடநூல் தமிழில் வெப்ப மின்னிரட்டை. அழகான, பொருள் பிசகாத சொல். குரோமல், அலுமல் என்ற இரு நிக்கல் கலப்புலோகங்களாலான இரட்டை ஒன்று ஒரு பாகை செல்சியஸ் வேறுபாட்டுக்குத் தருவது சுமார் 41 மைக்ரோவோல்ட். 100 பாகை வேறுபாட்டுக்கும் 4 மில்லிவோல்ட்தான். ஆகவே இது வெப்பநிலையை அளக்க உதவும், விளக்கெரிக்க உதவாது.

விளக்கெரிய வேண்டுமானால் பல இரட்டைகளைத் தொடராக அடுக்க வேண்டும். கடையில் ‘பெல்டியர் மாட்யூல்’ என்று கேட்டால் கிடைக்கும் 4 செ.மீ. சதுர வில்லையில் பெரும்பாலும் 127 ஜோடி பிஸ்மத் டெல்லுரைடு என்ற குறைகடத்தித் துண்டுகள் இருக்கும். மின்சாரம் செலுத்தினால் ஒரு பக்கம் குளிர்வது 1834இல் பெல்டியர் கண்ட விளைவு. உங்கள் கண்காட்சி மாதிரியில் நடப்பது அதன் மறுதலையான சீபெக் விளைவு. அறிக்கையில் அந்தப் பெயரையே எழுதுங்கள். 40 பாகை வேறுபாட்டில் சுமார் 2 வோல்ட் கிடைக்கும். வெள்ளை எல்இடிக்கு அது போதாது. இரண்டு வில்லைகளைத் தொடராக இணையுங்கள். பலர் சூடேற்றுவதிலேயே கவனம் வைத்து மறுபக்கத்தை மறந்துவிடுகிறார்கள். சற்று நேரத்தில் அந்தப் பக்கமும் சூடாகி மின்னழுத்தம் சரிந்துவிடும். அங்கே பனிக்கட்டியோ, ஓடும் நீரோ, துடுப்புள்ள அலுமினிய ஹீட் சிங்க்கோ வேண்டும். அடுப்புத் தீயில் வில்லையை நேரடியாகக் காட்டவே கூடாது: குளிர்விப்பதற்கென்று செய்த வில்லைகள் பலவற்றில் உள்ளே இருக்கும் பற்றாசு (சால்டர்) 138 பாகையிலேயே உருகிவிடும்.