கைத்துப்பாக்கியோடு பயணம்: கை படும் நேரமே ஆபத்து

அமெரிக்க விமான நிலையச் சோதனைச் சாவடிகளில் 2024-இல் மட்டும் 6,678 துப்பாக்கிகள் பிடிபட்டன. எல்லாம் கைப்பையிலோ உடம்பிலோ இருந்தவை. பத்தில் ஒன்பதுக்கு மேல் தோட்டா நிரப்பியவை. பிடிபட்டவர்கள் சொல்லும் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: "பையில் இருந்ததை மறந்துவிட்டேன்." சுடும் பயிற்சிக்குப் போகும் பையையே ஊருக்கும் எடுத்துப் போனால் இப்படித்தான் ஆகும். பயிற்சிக்கென்று தனிப்பை வைத்துக்கொள்வது, சிறு செலவில் பத்து லட்சம் ரூபாய்க்கு மேலான அபராதத்தைத் தவிர்க்கும் வழி. அங்கே அதிகபட்ச அபராதம் 14,000 டாலருக்கும் மேல்.

உறைக்குள் அசையாமல் கிடக்கும் நல்ல நிலையிலுள்ள இன்றைய பிஸ்டல் தானாக வெடிப்பது அபூர்வம். நிரப்பும்போது, இறக்கும்போது, உறையிலிருந்து எடுக்கும்போது, திரும்பச் செருகும்போதுதான் விபத்து நடக்கிறது. பயணமோ இந்தக் கையாளல்களைத்தான் பெருக்குகிறது: மாநில எல்லை, தபால் நிலையம், விமான நிலையம் என்று ஒவ்வொரு இடமும் "இறக்கு, ஏற்று" என்கிறது.

முதலில் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்போம். கிளாக் வகை பிஸ்டலில் தனியாகத் தள்ளிவிடும் பூட்டு கிடையாது. மூன்று தடுப்புகள் உள்ளேயே இருக்கின்றன. ட்ரிக்கரின் நடுவில் ஒரு சிறு தகடு. அது அழுந்தாவிட்டால் ட்ரிக்கர் பின்னால் நகராது. அடுத்தது, ஃபயரிங் பின்னின் (தோட்டாவின் பின்பக்கம் குத்தி வெடிக்கவைக்கும் ஊசி) பாதையை மறிக்கும் ஒரு சிறு உருளை; ட்ரிக்கரோடு இணைந்த கம்பி வந்து மேலே தள்ளினால்தான் அது விலகும். மூன்றாவது, ட்ரிக்கரை முழுதாக இழுக்கும் வரை அந்தக் கம்பியைக் கீழே இறங்கவிடாமல் தாங்கும் படி.

ட்ரிக்கர் நடுவில் இருக்கும் அந்தச் சிறு தகடு எதற்கு? துப்பாக்கி பின்பக்கம் தரையில் மோதி விழுந்தால் உடல் சட்டென்று நின்றுவிடும். ட்ரிக்கரோ நிலைமத்தால் தொடர்ந்து பின்னோக்கி நகரப் பார்க்கும். பேருந்து பிரேக் போட்டால் நிற்பவர்கள் முன்னே சாய்வதைப் போலத்தான். ட்ரிக்கர் கனமாக இருந்தால், விரல் படாமலே தன்னைத்தானே இழுத்துக்கொள்ளும். அதைத் தடுக்கத்தான் தகடு. 2017-இல் சிக் சாவர் பி320 பிஸ்டல் குறிப்பிட்ட கோணத்தில் பின்பக்கமாக விழும்போது வெடிப்பது வெளியே தெரிந்தது இப்படித்தான். நிறுவனம் தந்த திருத்தத்தில் முக்கியமானது, எடை குறைந்த ட்ரிக்கர். பழைய ரிவால்வர்களில் சங்கடம் வேறு: சுத்தியல் நேராகத் தோட்டாவின் மேலேயே உட்கார்ந்திருக்கும். ஆறு அறையில் ஐந்தை மட்டும் நிரப்பும் வழக்கம் அதனால் வந்தது.

ஆக, எந்திரம் பெரும்பாலும் தன் வேலையைச் செய்துவிடுகிறது. மிச்சம் இருப்பது விரல். கிளாக்கின் ட்ரிக்கரை இழுக்கச் சுமார் 2.5 கிலோ விசை போதும். வளர்ந்த ஆணின் பிடிவலுவோ சாதாரணமாக 40 கிலோவைத் தாண்டும். விரல் ட்ரிக்கரில் இருந்தால் தற்செயலாக எப்போது இறுகும் என்பதை உடலியலாளர் ரோஜர் எனோகா 1991-இல் மூன்றாகப் பிரித்துக் காட்டினார்: மற்றக் கை எதையாவது இறுகப் பற்றும்போது, கால் இடறும்போது, திடுக்கிடும்போது. மூன்றிலும் மூளை கட்டளையிடுவதற்கு முன்பே தசை சுருங்கிவிடுகிறது. மனவுறுதியால் இதைத் தடுக்க முடியாது; விரலின் இடத்தை மாற்றினால் முடியும். சுடத் தீர்மானிக்கும் வரை ஆள்காட்டி விரல் ட்ரிக்கர் வளையத்துக்கு மேலே, ஸ்லைடை (பிஸ்டலின் மேல் பாதியாக முன்னும் பின்னும் நகரும் உலோகப் பகுதி) ஒட்டி நீட்டி இருக்கவேண்டும் என்பதன் காரணம் இதுதான். அமெரிக்கத் துப்பாக்கிப் பயிற்சியாளர் ஜெஃப் கூப்பர் பரப்பிய நான்கு விதிகளில் இது ஒன்று. மற்றவை: எல்லாத் துப்பாக்கியும் நிரம்பியதாகவே கருது, அழிக்க விரும்பாத எதன் மேலும் குழலைத் திருப்பாதே, இலக்கையும் அதன் பின்னால் இருப்பதையும் தெரிந்துகொள். ஒன்றை மீறினாலும் மற்றது காப்பாற்றும்படி அமைந்தவை இவை. இரண்டை ஒன்றாக மீறும்போதுதான் ரத்தம்.

தோட்டா இறக்குவதில் அதிகம் நடக்கும் பிழை, வரிசை மாறுவது. ஸ்லைடைப் பின்னால் இழுத்தால் சேம்பரில் (குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் அறை) இருக்கும் தோட்டா வெளியே தெறிக்கும். விட்டதும் ஸ்லைடு முன்னே போகும்போது மேகசினின் (கைப்பிடிக்குள் தோட்டாக்களை அடுக்கி வைக்கும் கழற்றக்கூடிய கூடு) மேல்தோட்டாவை அள்ளிச் சேம்பருக்குள் தள்ளும். எனவே முதலில் ஸ்லைடு, பிறகு மேகசின் என்று செய்தவர் கையில் இருப்பது, காலி என்று அவர் நம்பும் நிரம்பிய துப்பாக்கி. சரியான வரிசை: குழல் பாதுகாப்பான திசையில், விரல் வெளியே, மேகசினை எடு, ஸ்லைடை மூன்று நான்கு முறை முழுதாக இழு, பின்னால் நிறுத்திப் பூட்டு, சேம்பரைக் கண்ணால் பார், சிறு விரலாலும் தொட்டுப் பார். இருட்டிலும் அவசரத்திலும் கண் ஏமாற்றும். தெறிக்கும் தோட்டாவை உள்ளங்கையால் மூடிப் பிடிக்கும் வித்தை வேண்டாம். தோட்டாவின் பின்முனை உள்ளே உலோக முனையில் குத்தி, கைக்குள்ளேயே வெடித்ததுண்டு.

உறைக்கு வருவோம். ட்ரிக்கர் வளையத்தை முழுதாக மூடும் விறைப்பான பிளாஸ்டிக் உறைதான் நல்லது. பழகித் தொய்ந்த தோலுறையின் வாய் உள்ளே மடங்கி விரலைப் போலவே ட்ரிக்கரை அழுத்தும். சட்டை ஓரமும், ஜாக்கெட் கயிற்று நுனியில் இருக்கும் சின்ன உருண்டையும் அதையே செய்யும். எடுப்பதில் வேகம் தேவைப்படலாம். திரும்பச் செருகுவதற்கு எந்தக் கடிகாரமும் ஓடவில்லை. சட்டையை இடக்கையால் விலக்கி, குனிந்து பார்த்து, மெதுவாக. பயணத்தில் இன்னும் நல்ல வழி, துப்பாக்கியை உருவாமல் உறையோடு சேர்த்தே கழற்றுவது.

இனி சட்டம். அமெரிக்காவில் மறைத்து எடுத்துச் செல்லும் உரிமை மாநிலத்துக்கு மாநிலம் மாறும். 29 மாநிலங்களில் அனுமதிச்சீட்டே வேண்டாம். பக்கத்து மாநிலத்தில் அதுவே சிறைக்குரிய குற்றமாக இருக்கலாம். நியூயார்க் சட்டம் ஒன்றை 2022-இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்ததால், ஒரு மாநிலத்துச் சீட்டு எல்லா மாநிலத்திலும் செல்லும் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். தவறு. நியூஜெர்சியில் குழிமுனைத் தோட்டாவுக்கும், பத்துத் தோட்டாவுக்கு மேல் கொள்ளும் மேகசினுக்கும் தனி விதிகள். பள்ளியைச் சுற்றி 1,000 அடிக்குள் செல்ல மத்தியச் சட்டம் தரும் விலக்கு, அந்தப் பள்ளி இருக்கும் மாநிலமே வழங்கிய உரிமத்துக்குத்தான். வெளியூர்க்காரர் கவனிக்காமல் விடும் பொறி இது.

இடையில் இருக்கும் கடுமையான மாநிலத்தைக் கடக்க 1986-ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு வழி தருகிறது. புறப்படும் இடத்திலும் சேரும் இடத்திலும் அந்தத் துப்பாக்கியை வைத்திருப்பதும் எடுத்துச் செல்வதும் சட்டப்படி சரியாக இருக்கவேண்டும், தோட்டா இறக்கியிருக்கவேண்டும், துப்பாக்கியோ தோட்டாவோ இருக்கையிலிருந்து எட்டக்கூடாது. டிக்கி இல்லாத காரானால் பூட்டிய பெட்டி. டேஷ்போர்டு அறை செல்லாது. இதன் எல்லை எவ்வளவு குறுகலானது என்பதை யூட்டாவைச் சேர்ந்த பயணி ஒருவர் 2005-இல் கற்றுக்கொண்டார். நியூஜெர்சியின் நியூவார்க்கில் இணைப்பு விமானம் தவற, பெட்டியை வாங்கிக்கொண்டு ஓட்டலில் தங்கினார். மறுநாள் விமான நிலையத்தில் துப்பாக்கி இருப்பதாக அறிவித்தபோது கைது. ஓட்டல் அறையில் துப்பாக்கி கைக்கு எட்டும்படி இருந்ததால் பாதுகாப்பு பொருந்தாது என்று 2010-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. நடுவழியில் சிக்கினால் பெட்டியை வாங்கிக்கொள்ளாமல் விமான நிறுவனத்திடமே விட்டுவைக்கக் கேட்பதுதான் அதன் பாடம்.

விமானத்தில், கவுண்டரில் ஒப்படைக்கும் சாமானாகக் கொண்டுபோக: வீட்டிலேயே இறக்கிவிட்டுப் புறப்படுங்கள், விமான நிலையக் கார் நிறுத்தத்தில் வேண்டாம். விறைப்பான பெட்டி, பூட்டுத் துளை ஒவ்வொன்றிலும் பூட்டு. ஒரே பூட்டோடு விட்டால் மூலையை நெம்பி விரலை நுழைக்க முடிகிறது. அந்தப் பெட்டியை ஏற்க மாட்டார்கள். சாவி உங்களிடமே இருக்கவேண்டும். தோட்டா அதற்கான அட்டைப்பெட்டியில். பல நிறுவனங்கள் 5 கிலோவுக்கு மேல் விடுவதில்லை. கவுண்டரில் "என் பெட்டியில் துப்பாக்கி இருக்கிறது, அறிவிக்க வேண்டும்" என்று அமைதியாகச் சொல்லி, தரும் அட்டையில் கையெழுத்திட்டு, சோதனை முடியும் வரை அருகிலேயே இருங்கள்.

எச்-1பி, எஃப்-1 விசாவில் அங்கிருக்கும் நம்மவர்கள் தெரிந்திருக்கவேண்டியது ஒன்று. அந்த விசாக்காரர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதையே மத்தியச் சட்டம் தடுக்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் மட்டுமே உண்டு. நண்பர் அழைத்துப்போகும் ரேஞ்சில் (சுடும் பயிற்சி இடம்) வாடகைத் துப்பாக்கியைக் கையில் வாங்குவதும் இதில் அடங்கும். பச்சை அட்டைக்காரருக்கு இந்தத் தடை இல்லை. ரேஞ்சுக்குப் போன பையோடு சென்னைக்கு விமானம் ஏறுகிறவர் பக்கப் பைகளையும் கொட்டிப் பார்க்கட்டும். ஒரு தோட்டா கிடந்தாலும் இங்கே 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் காத்திருக்கிறது.

அடிக்கடி ஏற்றி இறக்குவதில் தோட்டாவுக்கும் சேதம் உண்டு. ஒரே தோட்டா மீண்டும் மீண்டும் சேம்பர் வாயில் இடிபடும்போது குண்டு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுக்குள் இறங்குகிறது. வெடிமருந்துக்கான இடம் சுருங்க, வெடிக்கும்போது அழுத்தம் ஏறுகிறது. 9 மில்லிமீட்டர் தோட்டாவுக்கு வகுத்த உச்ச அழுத்தமே வளிமண்டல அழுத்தத்தைப்போல் சுமார் 2,400 மடங்கு. அதற்கும் மேலே போனால் பிஸ்டல் கையிலேயே பிளக்கலாம். இறக்கிய தோட்டாவைப் புதியதின் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். குட்டையாகத் தெரிந்தால் அதைச் சுடவேண்டாம். ரேஞ்சில் பழுதுத் தோட்டாக்களுக்கென்று வைத்திருக்கும் டப்பாவில் போட்டுவிடுங்கள்.