சுவரைப் பார்த்ததும் ஏன் வருகிறது?

வடசென்னையில் சுவருக்குப் பஞ்சமில்லை. துறைமுகச் சுவர், ரயில்வே சுவர், குடோன் சுவர், எண்ணெய்க் கிடங்குச் சுவர் என்று ராயபுரத்தில் ஆரம்பித்து எண்ணூர் வரை ஜன்னலும் வாசலும் இல்லாத நீளச் சுவர்கள். பல இடங்களில் ‘இங்கு சிறுநீர் கழிக்காதீர்’ என்று பெரிதாக எழுதியிருக்கும். எழுத்துக்கு நேர் கீழேயே ஈரமாகவும் இருக்கும். எழுதி எழுதி அலுத்தவர்கள் சாமி டைல்ஸ் ஒட்டிவிடுகிறார்கள். பிள்ளையார், வேளாங்கண்ணி மாதா, மெக்கா என மூன்றும் ஒரே வரிசையில். டைல்ஸ் ஒட்டிய நாலடிக்கு மட்டும் சுவர் காய்ந்து கிடக்கும்.

அந்தக் காய்ந்த நாலடியை நான் ஒரு பரிசோதனை முடிவாகவே பார்க்கிறேன். ‘அவசரம், அடக்க முடியல, இன்னா பண்றது’ என்று சொல்கிறவருக்குப் பிள்ளையாருக்கு முன்னால் மட்டும் அடங்கிவிடுகிறதே, அது எப்படி? இதற்குப் பதில் சிறுநீர்ப்பையில் இல்லை. அதற்கு மேலே, மண்டைக்குள் இருக்கிறது.

முதலில் கணக்கு. நம் சிறுநீரகங்கள் ஒரு நாளைக்குச் சுமார் 180 லிட்டர் திரவத்தை ரத்தத்திலிருந்து வடிக்கின்றன. கிட்டத்தட்ட மொத்தத்தையும் திரும்ப எடுத்துக்கொண்டு, கடைசியில் ஒன்றரை லிட்டரை மட்டும் சிறுநீராக அனுப்புகின்றன. நிமிடத்துக்கு ஒரு மில்லி என்று வைத்துக்கொள்ளலாம். சிறுநீர்ப்பையில் 150, 200 மில்லி சேர்ந்ததும் லேசாக ஒரு நினைப்பு வரும். 300ஐத் தாண்டினால் போய்விட்டு வரலாம் என்று தோன்றும். 400, 500 ஆனால் உட்கார முடியாது. முதல் நினைப்புக்கும் தாங்க முடியாத நிலைக்கும் நடுவில் சாதாரணமாக மூன்று மணி நேரத்துக்கு மேலேயே இருக்கிறது என்பது இந்தக் கணக்கிலேயே தெரியும்.

பை நிறைய நிறைய உள்ளே அழுத்தம் ஏறிக்கொண்டே போகும் என்றுதான் நினைப்போம். அப்படி ஏறுவதில்லை. பையின் சுவர் டெட்ரூசர் என்ற தசையால் ஆனது. நிறையும்போது அது தளர்ந்து கொடுத்துக்கொண்டே போகும். அதனால் வெகுநேரத்துக்கு அழுத்தம் கீழேயே நிற்கும். ‘முட்டிக்கொண்டு’ வருகிற அந்த உணர்வும் ஒரேயடியாக நிற்பதில்லை. வரும், ஒரு நிமிடம் படுத்தும், கவனம் வேறு பக்கம் போனால் அடங்கும், அப்புறம் மறுபடி வரும்.

வெளியேறும் வழியில் இரண்டு சுருக்குத்தசைகள் இருக்கின்றன. உள்ளே இருப்பது நம் பேச்சைக் கேட்காது, தானாக இயங்கும். வெளியே இருப்பது நம் கட்டுப்பாட்டில் இருக்கிறது. ரயில்வே கேட்டில் எவ்வளவு வண்டி சேர்ந்து ஹாரன் அடித்தாலும் ஸ்டேஷனிலிருந்து தகவல் வராமல் கேட்கீப்பர் திறக்க மாட்டார் அல்லவா, இங்கேயும் அதே ஏற்பாடு. பை விரிந்த செய்தி நரம்பு வழியாக முதுகுத்தண்டின் அடிப்பகுதிக்கும் அங்கிருந்து மூளைத்தண்டுக்கும் போகிறது. மூளைத்தண்டில் பான்ஸ் என்ற பகுதியில் இதற்கென்று ஒரு மையம் இருக்கிறது. 1925இல் பாரிங்டன் என்ற ஆய்வாளர் பூனைகளை வைத்து அதைக் கண்டறிந்தார். அந்த மையம் உத்தரவு போட்டால் டெட்ரூசர் சுருங்கும், சுருக்குத்தசைகள் தளரும், காரியம் முடியும். ஆனால் அந்த மையத்தையும் ஒன்று பிடித்து வைத்திருக்கிறது. நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மூளை. இடம் சரியா, நேரம் சரியா, யாராவது பார்க்கிறார்களா என்று விசாரிப்பது அதன் வேலை. அது சரி என்று சொல்லும்வரை பான்ஸ் காத்திருக்கும்.

கைக்குழந்தைக்கு இந்த விசாரணை கிடையாது. நிறைந்தால் போய்விடும், யார் மடி என்று பார்க்காது. இரண்டு, மூன்று வயதில்தான் முன்மூளையின் பிடி வருகிறது. எது சரியான இடம் என்பதை அது பிறக்கும்போதே தெரிந்துகொண்டு வருவதில்லை. வீடும் தெருவும்தான் சொல்லிக்கொடுக்கின்றன.

எங்கள் பக்கம் எந்தத் தெருவிலும் இந்தப் பாடம் நடப்பதைப் பார்க்கலாம். மூன்று வயதுப் பையன் ‘ஒண்ணுக்கு’ என்றால் டிராயரை இறக்கி, கால்வாய் ஓரமாக நிற்க வைத்து, ‘ஸ்ஸ்’ என்று சத்தமும் கொடுப்பார்கள். அதே வயது தங்கச்சி கேட்டால் ‘இரு, வீட்டுக்குப் போயிடலாம்’. ஆறேழு வயதில் அவளுக்கு ‘பொம்பளப் புள்ள அடக்கிக்கணும்’ என்ற வாக்கியம் வந்துவிடும். பையனுக்கு அந்த வாக்கியமே வருவதில்லை. இருபது வருடம் கழித்து அவனுடைய முன்மூளை ஒரு நீளச் சுவரைப் பார்த்ததும் ‘இடம் சரி’ என்று தகவல் கொடுத்துவிடுகிறது. சுவரே அவனுக்கு ‘ஸ்ஸ்’ சத்தம் ஆகிவிட்டது.

இப்படிப் பழகிய சமிக்ஞைகள் உடம்பை எவ்வளவு தூரம் ஆட்டிவைக்கும் என்பது பெண்களுக்கும் தெரியும். பாரிமுனையிலிருந்து திருவொற்றியூர் வரை பஸ்ஸில் சமாளித்துவிட்டு வந்தவருக்கு, வீட்டுப் பூட்டில் சாவியை நுழைக்கும் அந்த நொடியில்தான் தாங்கவே முடியாமல் போகும். பையில் அந்த ஒரு நொடியில் எதுவும் கூடிவிடவில்லை. கதவைப் பார்த்ததும் மூளை பிடியைத் தளர்த்துகிறது, அவ்வளவுதான். அவனுக்குச் சுவர், அவளுக்கு வீட்டு வாசல். நரம்பு ஒன்றுதான், பாடம்தான் வேறு.

உடலமைப்பில் வித்தியாசமே இல்லையா என்றால், இருக்கிறது. ஆனால் அது ஆண்களின் வாதத்துக்கு உதவாது. ஆணுக்குச் சிறுநீர் வெளியேறும் குழாய் 18 முதல் 20 சென்டிமீட்டர், பெண்ணுக்குச் சுமார் 4. உள் சுருக்குத்தசை ஆண்களுக்குத்தான் தெளிவாக, வலுவாக இருக்கிறது. போதாததற்குப் புராஸ்டேட் சுரப்பியும் அந்தக் குழாயைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறது. அதாவது அடக்குவதற்கான வசதி இயற்கையாகவே ஆணுக்குத்தான் அதிகம். பையின் கொள்ளளவு இருவருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆணுக்கு நின்றுகொண்டே போக முடியும், புடவையையோ சுடிதாரையோ சரிசெய்ய வேண்டியதில்லை. உண்மையான அனுகூலம் அது ஒன்றுதான். அது வசதி சம்பந்தப்பட்டது, அவசரம் சம்பந்தப்பட்டது இல்லை.

யாரும் பார்க்காதபோதுதான் வரும் என்பது ஆண்களுக்கும் பொருந்தும் என்பது இன்னொரு வேடிக்கை. 1976இல் அமெரிக்காவில் ஓர் ஆண்கள் கழிப்பறையில் ஒரு சோதனை செய்தார்கள். பக்கத்தில் யாரும் இல்லாதபோது ஆரம்பிக்கச் சராசரியாக 4.9 நொடி ஆனது. அடுத்த இடத்திலேயே ஓர் ஆள் வந்து நின்றால் 8.4 நொடி. இதைப் பெரிஸ்கோப் வைத்து ஒளிந்து பார்த்து அளந்தார்கள் என்பதால் அந்த ஆய்வுக்கு இன்றுவரை திட்டு விழுகிறது. நியாயமான திட்டுதான். ஆனால் எண்கள் சொல்வது சுவாரசியமானது. கழிப்பறைக்குள் அடுத்தவர் நின்றாலே கூச்சப்படும் அதே உடம்பு, நட்டநடுச் சாலையில் நூறு பேர் போகும்போது கூச்சப்படுவதில்லை. முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டதும் ரோடே மறைந்துவிட்டதாக முன்மூளை கணக்குப் போட்டுக்கொள்கிறது. ரோட்டில் போகிறவர்களும் பார்க்காத மாதிரி போய் அந்தக் கணக்குக்கு ஒத்துழைக்கிறோம்.

உண்மையிலேயே அடக்க முடியாதவர்கள் உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். ஐம்பதைத் தாண்டிய ஆண்களில் பலருக்குப் புராஸ்டேட் வீங்கி வழியை நெருக்கும், முழுதாகக் காலியாகாது, அடிக்கடி வரும். சர்க்கரை நோய் கட்டுப்பாட்டில் இல்லை என்றால், சிறுநீரில் இறங்கும் சர்க்கரை தன்னோடு தண்ணீரையும் இழுத்துக்கொண்டு வரும். துறைமுகத்துக்குள் நுழைய எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில் மணிக்கணக்காக வரிசையில் நிற்கும் கண்டெய்னர் லாரி டிரைவரை இறங்கி எங்கே போகச் சொல்வது? அவருக்கு நான் வக்காலத்து வாங்குவேன். ஆனால் கர்ப்பிணிக்குக் கருப்பை நேராகப் பையின் மேல் அழுத்துகிறது. பிரசவத்துக்குப் பிறகு இடுப்புத் தசை தளர்ந்து, தும்மினாலே கசிகிறது. பெண்ணுக்கும் சர்க்கரை வருகிறது. இவர்களுக்கு யாரும் சுவர் ஒதுக்கவில்லை.

சரி, சுவரில் என்ன நடக்கிறது? புதுச் சிறுநீருக்கு அவ்வளவு நாற்றம் கிடையாது. 95 சதவீதம் தண்ணீர், சுமார் 2 சதவீதம் யூரியா, கொஞ்சம் உப்பு. யூரியாவுக்கு மணமே இல்லை. சுவரிலும் மண்ணிலும் இருக்கும் பாக்டீரியாக்கள் யூரியேஸ் என்ற நொதியைச் சுரக்கின்றன. அது ஒரு யூரியா மூலக்கூறை உடைத்து இரண்டு அம்மோனியா, ஒரு கார்பன் டை ஆக்சைடு என்று ஆக்கிவிடும். கழித்தவர் பஸ் ஏறிப் போன பிறகுதான் நாற்றம் தொடங்குகிறது. அதைச் சுவாசிப்பது அங்கேயே கூடை வைத்து உட்கார்ந்திருக்கிற பூக்காரம்மா. நம் ஊருக்கு அம்மோனியா புதிதில்லை. மணலி உர ஆலையில் அம்மோனியாவிலிருந்து யூரியா செய்கிறார்கள். சுவரோரம் பாக்டீரியா அதையே தலைகீழாகச் செய்கிறது. 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூர் பெரியகுப்பம் கடலடிக் குழாயிலிருந்து கசிந்து, ஊரே மூச்சுத் திணறி ரோட்டுக்கு ஓடிவந்ததும் இதே அம்மோனியாவால்தான். அளவு வேறு, பொருள் ஒன்று.

உப்பு சுவருக்குள் ஊறி, வெயிலில் தண்ணீர் ஆவியானதும் காரைக்குள்ளேயே படிகமாகும். படிகம் வளர இடம் வேண்டும், அது காரையைத் தள்ளும். சுவரின் அடிப்பகுதி வெள்ளையாக உப்புப் பூத்து, கை வைத்தால் பொலபொலவென்று உதிர்வது அதனால்தான்.

இனி அடக்குகிறவர்கள் பக்கம். காசிமேட்டில் விடியலுக்கு முன்பே ஏலம் எடுக்க வந்துவிடுகிற மீன்கார அக்காக்களைப் பார்த்திருப்பீர்கள். அன்னக்கூடையை எடுத்துக்கொண்டு போய் மதியம் வரை ஓரிடத்தில் உட்கார்ந்து விற்பார்கள். கையில் அரை டம்ளர் டீ. தண்ணீர் பாட்டில் பக்கத்திலேயே இருக்கும், மீன் மேல் தெளிக்க. குடிக்கவில்லையா என்று ஒருவரிடம் கேட்டேன். “குடிச்சா அப்பால எங்க போறது கண்ணு?” என்றார்.

தண்ணீர் உள்ளே போகாதபோது மூளை வாசோபிரசின் என்ற ஹார்மோனை அதிகமாக விடும். சிறுநீரகம் ஒவ்வொரு சொட்டையும் திரும்ப இழுத்துக்கொள்ளும். சிறுநீர் ரத்தத்தைவிட நான்கு மடங்கு வரை அடர்த்தியாகலாம். மே மாத வெயிலில் வியர்வையாகவும் போய்விட்டால் மிச்சம் அடர்மஞ்சளாகக் கொஞ்சம்தான். கல் உருவாக இதைவிடத் தோதான இடம் இல்லை. கிருமிக்கும் தோதுதான். சிறுநீர்த் தொற்றில் பெரும்பகுதிக்குக் காரணம் குடலில் வாழும் ஈகோலை. அது ஏற வேண்டிய தூரம் பெண்ணுக்கு வெறும் 4 சென்டிமீட்டர். அடிக்கடி கழித்தால் ஏறியது அடித்துக்கொண்டு போய்விடும், கழிக்காவிட்டால் உள்ளே பெருகும். பெண்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு வாழ்நாளில் ஒருமுறையாவது இந்தத் தொற்று வருகிறது. 2018இல் வெளியான ஒரு சோதனையில், தொற்று திரும்பத் திரும்ப வரும், தண்ணீர் குறைவாகக் குடிக்கும் 140 பெண்களில் பாதிப் பேரைத் தினமும் ஒன்றரை லிட்டர் கூடுதலாகக் குடிக்கச் சொன்னார்கள். ஒரு வருடத்தில் அவர்களுக்குச் சராசரியாக 1.7 முறை தொற்று வந்தது, மற்றவர்களுக்கு 3.2 முறை. மருந்து வெறும் தண்ணீர்தான். குடித்தபின் போக ஓர் இடம் வேண்டும், அதை மருந்துச் சீட்டில் எழுத முடியாது.

வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு துணிக்கடைகளில் நாள் முழுக்க நிற்கும் பெண்களுக்கும் இதே கதைதான். கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் கடைப் பெண்கள் உட்காரவும் கழிப்பறை போகவும் உரிமை கேட்டுப் போராடி, கேரளா 2018இல் சட்டத்தைத் திருத்தியது. தமிழ்நாடு 2021இல் கடைகளில் உட்கார இருக்கை கட்டாயம் என்றது. உட்காரலாம், எழுந்து போவதற்கு இன்னும் மேனேஜர் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கிறது.

இது நம் ஊர்ப் பழக்கம் மட்டும் என்று நினைக்க வேண்டாம். ஆம்ஸ்டர்டாமில் இரவில் திறந்த கழிப்பறை எதுவும் கிடைக்காமல் தெருவோரம் ஒதுங்கிய ஒரு பெண்ணுக்கு அபராதம் போட்டார்கள். 2017இல் நீதிபதி, ஆண்களுக்கான சிறுநீர்த் தொட்டியையே பயன்படுத்தியிருக்கலாமே என்றார். அந்த ஊரில் அப்போது ஆண்களுக்கு 35 தொட்டிகள், பெண்களுக்கு 3 பொதுக் கழிப்பறைகள்.

இடம் சமமாகக் கொடுத்தாலும் கணக்கு சமமாகாது. 2017இல் பெல்ஜியத்தின் கெண்ட் பல்கலைக்கழகத்தில், வரிசையில் எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்று கணக்கிடும் வரிசைக் கணிதம் வைத்துப் பார்த்தார்கள். கதவு வைத்த கழிப்பறைகள் கட்டும் அதே அளவு இடத்தில் ஆண்களின் தொட்டிகள் கூடுதலாக அடங்கும். ஆண் ஒருவருக்கு ஒரு நிமிடம் என்றால் பெண்ணுக்கு ஒன்றரை. இந்த இரண்டு சின்ன வித்தியாசங்களும் கூட்டலாகச் சேர்வதில்லை, வரிசை நிரம்பும் தறுவாயில் காத்திருப்பு எகிறிவிடும். கூட்ட நேரத்தில் ஆண் காத்திருப்பது சுமார் 11 நொடி, பெண் ஆறு நிமிடத்துக்கு மேல் என்று வந்தது.

காசு வேறு. பல ஊர்க் கட்டணக் கழிப்பறைகளில் ஆண் சிறுநீர் கழிக்க இலவசம், பெண்ணுக்குக் காசு. மும்பையில் 2011இல் பெண்கள் இதை எதிர்த்தே இயக்கம் தொடங்கினார்கள். எங்கள் பக்கத்துப் பஸ் நிலையம் ஒன்றில், மேஜை போட்டு உட்கார்ந்திருந்தவரிடம் ஏன் இப்படி என்று கேட்டேன். “ஆம்பளைங்க சைடு தொட்டி வெளிய இருக்கு, என்னா பண்றாங்கன்னு தெரியும். லேடீஸ் கதவைச் சாத்திக்கிறாங்க. ஒண்ணா ரெண்டான்னு எனக்கு எப்படித் தெரியும்? அதான் ரெண்டுக்கே சேர்த்து வாங்கிடறது” என்றார்.