வீட்டுக் கடனை அடைத்தவர்களே, வரி பில் யாருக்குப் போகிறது?

கடன் அடைத்த வீட்டுக்கு வீட்டு வரி பாக்கி வைத்துவிட்டு, ஆலோசகரான என்னிடம் இந்த வருடத்தில் வந்த நான்காவது குடும்பம் இது. அதனால்தான் வேலையை ஒதுக்கி வைத்துவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன்.

போன வாரம் வந்தவர் எழுபதை நெருங்கும் பெரியவர். நியூ ஜெர்சியில் இருபது வருடத்துக்கு மேலாகச் சொந்த வீட்டில் இருக்கிறார். கையில் ஒரு கறுப்பு பைண்டர். வீட்டுக் கடன், இன்ஷூரன்ஸ், வரி என்று ஒவ்வொன்றுக்கும் தனிப் பிரிவு வைத்து, துளை போட்டு, தேதி வாரியாகக் கோத்திருந்தார். வரிப் பிரிவில் மூன்று வருடத்துத் தாள்களும் இருந்தன. ஒவ்வொன்றின் தலையிலும் ஆங்கிலத்தில் கொட்டை எழுத்தில் ‘இது பில் அல்ல, தகவலுக்கு மட்டும்’. அந்த வரியின் மேல் அவரே மஞ்சள் மார்க்கரால் கோடு இழுத்திருந்தார்.

“தம்பி, பில் இல்லைன்னு அவங்களே போட்டிருக்காங்களே. பில் வரட்டும், கட்டிடலாம்னுதான் இருந்தேன்.”

பைண்டரின் கடைசித் தாள் ஒரு வழக்கறிஞர் அனுப்பிய கடிதம். முப்பது நாளுக்குள் பணம் கட்டி மீட்காவிட்டால் வீட்டின் மேல் ஃபோர்குளோஷர் வழக்கு, அதாவது வீட்டின் உரிமையையே பறிக்கும் வழக்கு என்று இருந்தது. இவ்வளவு ஒழுங்காகக் காகிதம் வைத்திருக்கும் மனிதருக்கு இந்த நிலை வந்ததுதான் எனக்கு ஆற்றவில்லை.

நடந்தது இதுதான். கடன் இருந்தவரை, மாதத் தவணையோடு இவர் வரிக்காகப் போட்டு வந்த எஸ்க்ரோ கணக்கிலிருந்து கடன் கம்பெனியே வரியைக் கட்டியது. அதனால் டவுன்ஷிப் (உள்ளூர் நகராட்சி) அசல் பில்லைக் கம்பெனிக்கும், வெறும் நகலை இவருக்கும் அனுப்பிக்கொண்டிருந்தது. கடனை முழுதாக அடைத்ததும் கம்பெனி ஒதுங்கிக்கொண்டது. ஆனால் டவுன்ஷிப் கணினியில் அந்தக் கம்பெனியின் குறியீட்டை யாரும் நீக்கவில்லை. இவருக்குத் தொடர்ந்து நகல்தான் வந்தது. நடுவில், வரி பாக்கியை விற்கப்போவதாக வந்த டாக்ஸ் சேல் நோட்டீஸை, ‘உங்கள் வீட்டை ரொக்கத்துக்கு வாங்குகிறோம்’ என்று வாராவாரம் வரும் விளம்பரக் கடிதங்களோடு சேர்த்துப் பழைய பேப்பரில் போட்டுவிட்டாராம்.

இன்னொன்றும் சொன்னார். கடன் முடிந்த சில வாரத்தில் கம்பெனியிடமிருந்து ஒரு செக் வந்தது. அதில் கூரையைப் பழுது பார்த்தார். அது எஸ்க்ரோவில் மிஞ்சிய பணம். கடன் அடைந்த 20 வேலை நாளுக்குள் அதைத் திருப்பித் தர வேண்டும் என்பது மத்திய அரசு விதி. அடுத்த வரி பில்லுக்காக நீங்கள் மாதாமாதம் போட்டு வைத்த உங்கள் பணம் அது. தயவுசெய்து அதைத் தொடாதீர்கள்.

இனி, நான் தினம் கேட்கும் வாக்கியத்துக்கு வருகிறேன். “கடன்தான் முடிஞ்சிருச்சே, வீடு இனி நம்மது, யாரும் கை வைக்க முடியாது.” படித்தவர், படிக்காதவர், நாற்பது வயது, எழுபது வயது என்று வித்தியாசமே இல்லை, எல்லோரும் இதைச் சொல்கிறார்கள். ஊரில் வீட்டு வரி பாக்கியை விற்கும்போதோ பெயர் மாற்றும்போதோ சேர்த்துக் கட்டிப் பார்த்துப் பழகியவர்கள் நாம். இங்கே அப்படி இல்லை. வரி பாக்கியின் உரிமை கடன் கொடுத்தவரின் உரிமைக்கும் முன்னால் நிற்கும். தன் அடமானத்தையே வரி விழுங்கிவிடும் என்ற பயத்தில்தான் கடன் கம்பெனி உங்கள் வரியை ஒரு நாள் தவறாமல் கட்டியது. உங்கள் மேல் இருந்த அக்கறையில் அல்ல. கடன் முடிந்த அன்று வீடு பாதுகாப்பாகிவிட்டது என்று நினைக்கிறீர்கள். உண்மையில் அன்றுதான் அந்த வீட்டுக்குக் காவல் இருந்த ஒரே ஆள் வேலையை விட்டுப் போகிறான். மறுநாளிலிருந்து அந்தக் காவல் உங்கள் பொறுப்பு. பில் கைக்கு வரவில்லை என்பது காரணமாகாது. வராவிட்டாலும் வட்டி ஏறும்.

எப்படி ஏறுகிறது? நியூ ஜெர்சியில் பாக்கியின் முதல் 1,500 டாலருக்கு ஆண்டுக்கு 8 சதவீதம் வரை, அதற்கு மேல் 18 சதவீதம் வரை வட்டி போடலாம். வருடக் கடைசியில் பாக்கி 10,000 டாலரைத் தாண்டியிருந்தால் 6 சதவீதம் வரை தண்டம் தனி. இந்த மாநிலத்தில் ஒரு வீட்டின் சராசரி ஆண்டு வரியே 2024-ல் 10,000 டாலரைக் கடந்துவிட்டது என்பதால் ஒரு வருடம் தவறினாலே அந்த எல்லைக்கு வந்துவிடுவீர்கள். பிறகு டவுன்ஷிப் அந்த பாக்கியை, அதாவது அதை வீட்டின் மேல் வசூலிக்கும் உரிமையான லியனை, டாக்ஸ் சேலில் விற்கும். வாங்கியவர் அடுத்தடுத்த வரிகளையும் தானே கட்டி உங்கள் கணக்கில் ஏற்றிக்கொண்டே போகலாம். இந்தப் பெரியவருக்கு 30,000 டாலர் வரி 36,000-க்கு மேல் வந்து நின்றது.

லியன் விற்றுவிட்டது என்று தெரிந்ததும் சிலர் நேர் எதிராக, வீடே போய்விட்டது என்று இடிந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். போகவில்லை. விற்றது பாக்கியை மட்டும்தான். தனியார் வாங்கியிருந்தால் பொதுவாக 2 வருடம் கழித்துத்தான் ஃபோர்குளோஷர் வழக்குப் போட முடியும். டவுன்ஷிப்பே வைத்திருந்தால் 6 மாதம்தான் அவகாசம். ஆனால் தவணையில் கட்டக் கேட்க வழி இருக்கிறது. நீதிமன்றம் இறுதித் தீர்ப்புச் சொல்லும்வரை மீட்கலாம். மீட்கும் பணம் டவுன்ஷிப் டாக்ஸ் கலெக்டர் அலுவலகம் வழியாகத்தான் போக வேண்டும். லியன் வாங்கியவர் கையில் கொடுத்துவிட்டு ரசீதுக்கு அலையாதீர்கள். எவ்வளவு கட்ட வேண்டும் என்ற கணக்கை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். எந்தத் தேதிவரை அந்தத் தொகை செல்லும் என்றும் கேளுங்கள்.

2023-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு தந்தது. மினசோட்டா மாநிலத்தில் ஜெரால்டின் டைலர் என்ற 94 வயது மூதாட்டிக்கு வரியும் வட்டியுமாக சுமார் 15,000 டாலர் பாக்கி. ஹெனப்பின் கவுன்டி அவருடைய வீட்டை 40,000-க்கு விற்று, மிச்சம் 25,000-ஐயும் தானே வைத்துக்கொண்டது. அது தவறு, பாக்கிக்கு மேல் அரசு எடுக்க முடியாது என்று ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகச் சொன்னார்கள். அதன் பிறகு 2024-ல் நியூ ஜெர்சியும் சட்டத்தைத் திருத்தியது. வழக்கு வந்தால், வீட்டை அப்படியே லியன்காரருக்குக் கொடுக்காமல் ஏலம் விடும்படி நீங்கள் கோரலாம். மிச்சப் பணம் உங்களுக்கு. ஆனால் வாய் திறந்து கேட்க வேண்டும், அதுவும் தீர்ப்புக்கு முன்னால். சம்மனைப் பிரிக்காமல் வைத்திருப்பவர் எப்படிக் கேட்பார்?

வழக்கு வந்துவிட்டால் என்னைப் போன்ற ஆலோசகர் போதாது, வழக்கறிஞர் வேண்டும். வசதி இல்லாதவர்களுக்கு இலவச சட்ட உதவி இருக்கிறது. சாப்டர் 13 திவால் மனு போட்டு, பாக்கியை 3 முதல் 5 வருடத்தில் கட்ட வழி உண்டா என்றும் அவரிடமே கேளுங்கள். அதற்கு முன்னால் வாசலில் வந்து நிற்பவர்களிடம் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். பாக்கியை அடைத்துத் தருகிறேன் என்று சில ஆயிரம் டாலரை நீட்டி, பத்திரத்தையே எழுதி வாங்கிப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன். மத்திய அரசின் வீட்டுவசதித் துறையான ஹட் அங்கீகரித்த ஆலோசகர்களிடம் இலவசமாகவோ மிகக் குறைந்த கட்டணத்திலோ பேசலாம். முதலில் அங்கே போங்கள்.

65 வயதைத் தாண்டியவர்கள் சீனியர் ஃப்ரீஸ் (வரி உயர்வைத் திருப்பித் தருவது), ஆங்கர் என்ற மாநில வீட்டு வரிச் சலுகைகளுக்கு விண்ணப்பியுங்கள். சீனியர் ஃப்ரீஸுக்கு வரி பாக்கியில்லாமல் இருக்க வேண்டும். சலுகை வந்த பிறகு பாக்கியைக் கட்டலாம் என்று காத்திருந்தவர்கள் அந்தச் சலுகையையும் இழந்தார்கள். வீட்டு மதிப்பை எதிர்த்து மேல்முறையீடு போட்டிருந்தாலும் வரியை நிறுத்தாதீர்கள்.

கடன் முடியும் தறுவாயில் இருப்பவர்கள், முடிந்த அன்றே டவுன்ஷிப் டாக்ஸ் கலெக்டர் அலுவலகத்துக்கு போன் செய்து, கடன் கம்பெனியின் குறியீட்டை நீக்கி அசல் பில்லை உங்கள் முகவரிக்கு அனுப்பச் சொல்லுங்கள். பிள்ளைகளோடு வேறு மாநிலத்தில் தங்கியிருந்தால் அந்த முகவரியையும் அங்கேயே பதியுங்கள். தபால் நிலையத்தில் மாற்றியது போதாது. வரி கட்ட வேண்டிய நாட்கள் பிப்ரவரி 1, மே 1, ஆகஸ்ட் 1, நவம்பர் 1. பெரும்பாலான டவுன்ஷிப்புகள் பத்து நாள் சலுகை தரும். அதைத் தாண்டினால் முதல் தேதியிலிருந்தே வட்டி கணக்காகும்.

பெரியவர் அந்த வீட்டின் மேலேயே மறுபடி ஒரு சிறு கடன் வாங்கி மீட்டுவிட்டார். இந்த வயதில் புதுக் கடன்.

உங்கள் அப்பா அம்மா கடன் அடைத்த வீட்டில் தனியாக இருக்கிறார்களா? இந்த ஞாயிற்றுக்கிழமை பேசும்போது, போன காலாண்டு வரி கட்டிய ரசீதை போன் கேமராவில் காட்டச் சொல்லுங்கள். “பில் இன்னும் வரலைப்பா” என்றால் திங்கட்கிழமை காலையில் டவுன்ஷிப்புக்கு நீங்களே போன் போடுங்கள்.