வேன் கதவின் கொப்புளத்துக்குள் ஒரு சொட்டுக் காரம்

குடியாத்தத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். லுங்கி பேல் ஏற்றிச் செல்லும் தம் பழைய வேனைச் சென்ற பங்குனியில் வீட்டு வாசலிலேயே நிறுத்தி, தாமே உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பட்டி பார்த்து, ரெட் ஆக்சைடு அடித்து, அதன்மேல் இரண்டு கோட் வெள்ளை எனாமலும் அடித்தாராம். ஐப்பசி மழை முடிவதற்குள் கதவின் அடிப்பகுதியிலும் சக்கர வளைவின் ஓரத்திலும் அம்மை போட்டதைப்போலக் கொப்புளங்கள் எழும்பிவிட்டன. “தண்ணீர் படாமல் இருக்கத்தானே பெயிண்ட் அடிக்கிறோம்? அதற்கு அடியில் தண்ணீர் எப்படிப் போனது?” என்பது அவர் கேள்வி.

பெயிண்ட் வழியாகத்தான் போனது. தொழிற்சாலையிலிருந்து வரும் வண்டியின் மேலுள்ள எல்லாப் பூச்சுகளையும் சேர்த்தாலும் அதன் தடிமன் ஏறக்குறைய 100 முதல் 150 மைக்ரான், அதாவது இரண்டு தலைமுடிக் கனத்துக்குள் அடங்கிவிடும். அந்த மெல்லிய படலத்தின் வழியாக நீராவியும் ஆக்சிஜனும் மெதுவாக ஊடுருவிக்கொண்டேதான் இருக்கின்றன. வெறும் இரும்பு துருப்பிடிப்பதற்குத் தேவையான அளவு நீரும் ஆக்சிஜனும் சாதாரணப் பூச்சுகளின் வழியே தாராளமாகக் கடந்துவிடுகின்றன என்பதை 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே மேய்ன் என்ற வேதியியலாளர் கணக்கிட்டுக் காட்டினார். அப்படியானால் பெயிண்ட் அடித்த தகடு ஏன் உடனே துருப்பிடிப்பதில்லை? நல்ல பூச்சு தண்ணீரை அனுமதித்தாலும் உப்பின் மின்னேற்றத் துகள்களை, அதாவது அயனிகளை, எளிதில் கடக்க விடுவதில்லை. அயனி நகராவிட்டால் மின்சுற்று முழுமையடையாது. மின்சுற்று இல்லாமல் துரு இல்லை.

துருப்பிடித்தல் ஒரு மின்கலச் செயல் என்பது பள்ளிப் பாடத்தில் வந்ததுதான், ஆகவே சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஓரிடத்தில் இரும்பு அணு இரண்டு எலக்ட்ரான்களை விட்டுவிட்டு அயனியாக நீரில் கரைகிறது, அது எதிர்முனை. அந்த எலக்ட்ரான்கள் உலோகத்தின் வழியே ஓடி வேறோர் இடத்தை அடைய, அங்கே ஆக்சிஜனும் நீரும் அவற்றைப் பெற்றுக்கொண்டு ஹைட்ராக்சைடு அயனிகளாக மாறுகின்றன, அது நேர்முனை. இரண்டும் சந்திக்கும் இடத்தில் துரு உண்டாகிறது.

இதில் நான் மீண்டும் மீண்டும் வியப்பது அந்த இரண்டு இடங்களும் எப்படித் தேர்ந்தெடுக்கப்படுகின்றன என்பதைத்தான். 1920களில் கேம்பிரிட்ஜில் யூலிக் எவன்ஸ் ஆராய்ந்து விளக்கிய ஒரு சோதனையைப் பள்ளி ஆய்வகம் எதிலும் செய்து பார்க்கலாம். நன்றாகத் தேய்த்த இரும்புத் தகட்டின்மேல், உப்பு நீரில் பினாப்தலீனும் பொட்டாசியம் பெர்ரிசயனைடும் சிறிதளவு கலந்து, ஒரே ஒரு சொட்டு விட வேண்டும். இரும்பு கரையும் இடம் நீலமாகும். ஹைட்ராக்சைடு உண்டாகும் இடம் இளஞ்சிவப்பாகும். முதலில் சொட்டு முழுவதும் நீலமும் சிவப்பும் புள்ளி புள்ளியாகக் கலந்து கிடக்கும். சில நிமிடங்கள் பொறுத்திருந்து பார்த்தால் நீலமெல்லாம் நடுவுக்கும் சிவப்பெல்லாம் விளிம்புக்கும் ஒதுங்கிக்கொள்ளும். இரண்டுக்கும் இடையில் பழுப்பு நிறத்தில் ஒரு துரு வளையம் தோன்றும். யாரும் கலக்கவில்லை, மின்கம்பி எதுவும் இணைக்கவில்லை. ஒரு சொட்டு நீர் தானாகவே தனக்குள் ஒரு மின்கலத்தைக் கட்டிக்கொள்கிறது.

காரணம் காற்று. சொட்டின் விளிம்பு மெல்லியது. செலவாகும் ஆக்சிஜனுக்குப் பதிலாக வெளிக்காற்றிலிருந்து புதிய ஆக்சிஜன் உடனே வந்து சேர்கிறது. நடுப்பகுதி ஆழமானது, அங்கிருந்த ஆக்சிஜன் தீர்ந்தபின் அடுத்தது வந்து சேர நேரமாகிறது. ஆக்சிஜன் நிறைந்த விளிம்பு எலக்ட்ரான்களை இழுக்க, ஆக்சிஜன் குறைந்த நடுப்பகுதி இரும்பைக் கரைத்து அவற்றைக் கொடுக்கிறது. காற்று அதிகம் படும் இடத்தில்தான் இரும்பு அரிக்கும் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்க, காற்று எட்டாத இடம்தான் அரிபடுகிறது. மாடு மேய்ந்த இடம் ஒன்று, சாணம் போட்ட இடம் இன்னொன்று என்பதைப்போல, இரும்பு கரையும் இடமும் துரு படியும் இடமும் வேறு வேறு.

இதை வேன் கதவில் பொருத்திப் பார்க்கலாம். பெயிண்டில் ஒரு கீறல் விழுகிறது. ஒரு கல் தெறித்தால் போதும். தொடக்கத்தில் கீறலுக்குள்ளேயே எல்லாம் நடக்கின்றன. சில நாட்களில் துரு அக்கீறலை அடைத்துவிட, அதற்குள் ஆக்சிஜன் நுழைவது குறைகிறது. ஆனால் கீறலைச் சுற்றியுள்ள பெயிண்டின் வழியே, முன்பு சொன்னபடி, ஆக்சிஜன் ஊடுருவிக்கொண்டுதானே இருக்கிறது? ஆகவே நேர்முனை பெயிண்டின் அடிப்புறத்துக்கு இடம் மாறுகிறது. அங்கே ஆக்சிஜன் எலக்ட்ரானைப் பெற்று ஹைட்ராக்சைடாகிறது. அதாவது பெயிண்டுக்கும் தகட்டுக்கும் நடுவில் கடுமையான காரம் ஊறுகிறது. சாதாரண எனாமலும் விலை மலிந்த ரெட் ஆக்சைடும் தாவர எண்ணெய் அமிலங்களைக் கொண்டு செய்த ஆல்கைடு வகையைச் சேர்ந்தவை. எண்ணெயும் காரமும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பது சோப்பு காய்ச்சியவர்களுக்குத் தெரியும். பெயிண்டின் அடிப்புறம் மெல்ல மெல்லச் சோப்பாகி, தகட்டைப் பிடித்திருந்த பிடியை விடுகிறது. அந்த இடைவெளிக்குள் நீர் இழுக்கப்பட்டுக் கொப்புளம் எழுகிறது.

சந்தேகம் இருந்தால் வாசகரே சோதித்துப் பார்க்கலாம். காட்பாடியில் என் மைத்துனரின் வண்டியில் எழுந்த புதிய கொப்புளம் ஒன்றில் இதை நான் செய்து பார்த்தேன். வடிதாளில் மஞ்சள் கரைசலைத் தோய்த்துக் காயவைத்து, கொப்புளத்தை ஊசியால் குத்தி, கசிந்த நீரை அத்தாளில் ஒற்றினேன். மிளகளவு ஈரம் பட்ட இடம் நொடியில் செந்நிறமாயிற்று. ஆரத்தித் தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து சிவக்கும் அதே வேதிவினை இது. கொப்புளத்தின் தோலை உரித்தபோது அடியில் துருவே இல்லை; தகடு பளபளவென்று இருந்தது. துரு எழும்பித்தான் பெயிண்டைத் தூக்குகிறது என்று பட்டறையில் சொல்வதில் பாதிதான் உண்மை. பெயிண்டைப் பெரும்பாலும் முதலில் தூக்குவது காரம். தோல் கிளம்பியபின் அந்த இடுக்கில் உப்பு நீர் தேங்கி, காற்று எட்டாமல் போய், எவன்ஸின் சொட்டு நடுப்பகுதியைப்போல இரும்பு கரையத் தொடங்குகிறது. துரு தான் தோன்றிய இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைப்பதால் மிச்சமிருக்கும் பெயிண்டையும் பெயர்த்துவிடுகிறது. கதவின் அடியில் தகடு மடிக்கப்பட்ட விளிம்பு, சக்கர வளைவுக்குள் அப்பிய சேறு, ரப்பர் பீடிங்கின் அடிப்புறம் ஆகியவை முதலில் பொத்தலாவதும் இதே காரணத்தால்தான்.

இனி உப்புக்கு வருவோம். வேலூரில் கடல் இல்லையே என்று வாசகர் நினைக்கலாம். பாலாற்றுப் படுகையின் பல ஊர்களில் ஆழ்துளைக் கிணற்று நீர் உப்புக் கரிப்பது அவருக்கும் தெரிந்திருக்கும். தோல் பதனிடும் கழிவு நீர் நிலத்தையும் ஆற்றையும் கெடுத்ததைப் பற்றித்தான் 1996ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத்தின் புகழ்பெற்ற தீர்ப்பு வந்தது. அத்தகைய போர் தண்ணீரில் வண்டியைக் கழுவி, அது காய்ந்ததும் பெயிண்ட் அடித்தால், கண்ணுக்குத் தெரியாத உப்புத் துகள்களின்மேல் பெயிண்ட் அடித்ததாக ஆகும். பெயிண்ட் அயனிகளை வெளியே நிறுத்தும் வேலையைச் செவ்வனே செய்தாலும், அவை ஏற்கெனவே உள்ளே குடியிருந்தால் என்ன பயன்? உள்ளிருக்கும் உப்பு, படலத்தின் வழியே நீரை உறிஞ்சித் தானே ஒரு கொப்புளத்தை உண்டாக்கும். என் கணிப்பில் குடியாத்தம் வேனுக்கு நேர்ந்தது பெரும்பாலும் இதுதான். கடைசிக் கழுவலை மழை நீரிலோ நல்ல குடிநீரிலோ செய்து, உடனே துணியால் துடைத்து உலர்த்த வேண்டும். துருக்குழிகளைத் தேய்த்தபின் சிறிது நல்ல நீர் தெளித்துப் பாருங்கள். சில நிமிடங்களில் அதே குழியில் மட்டும் செம்புள்ளி மீண்டும் எட்டிப்பார்த்தால், உப்பு இன்னும் அங்கேதான் இருக்கிறது என்று பொருள்.

தேய்க்கும் வேலையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கிரைண்டரில் வயர் பிரஷ் மாட்டி வெள்ளைத் தகடு தெரியும்வரை எடுக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் பழைய பூச்சில் ஈயமோ குரோமேட்டோ இருக்கக்கூடும் என்பதால் உலர்ந்த தூள் பறக்கத் தேய்க்காமல், பழைய பெயிண்டை உப்புத்தாள் கொண்டு கையால் நனைத்தே தேய்ப்பது நல்லது. குழந்தைகளைப் பக்கத்தில் விடக்கூடாது. மஞ்சள் நிறத் துத்தநாகக் குரோமேட் பிரைமர் ஒரு காலத்தில் துருத்தடுப்பில் ஈடு இணையற்றதாக இருந்தது. அந்தக் குரோமியம் புற்றுநோயை உண்டாக்கும் வகை. ராணிப்பேட்டையில் மூடப்பட்ட குரோமேட் ஆலையின் வளாகத்தில் லட்சம் டன்னுக்கு மேற்பட்ட குரோமியக் கழிவு பல ஆண்டுகளாகக் குவிந்து கிடப்பதை அறிந்த நம் மாவட்டத்துக்காரர்கள், அந்தப் பிரைமரைத் தவிர்ப்பதற்காக வருந்தமாட்டார்கள்.

தேய்த்தும் எட்டாத நுண்குழிகளுக்குத் துரு மாற்றி உதவும். அதில் இருப்பது பாஸ்பாரிக் அமிலம், அல்லது டேனின். கடுக்காயை இரும்புக் கத்தியால் வெட்டினால் கத்தி கறுக்கிறதல்லவா? கடுக்காயும் ஆவாரம்பட்டையும் கொண்டு தோல் பதனிட்ட ஊர்க்காரர்களுக்கு டேனினை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. அது துருவிலுள்ள இரும்போடு சேர்ந்து கரையாத கருநிறப் பொருளாகிறது. ஆனால் மேலாக இருக்கும் துருவை மட்டுமே அது மாற்றும். செதில் செதிலாக நிற்கும் துருவின்மேல் அதைப் பூசுவது வீண்.

அடுத்தது பிரைமர். ரெட் ஆக்சைடின் செந்நிறம் எதிலிருந்து வருகிறது தெரியுமா? இரும்பு ஆக்சைடிலிருந்துதான், துருவுக்கு நெருங்கிய உறவு. ஏற்கெனவே முழுவதும் ஆக்சிஜனேற்றம் அடைந்துவிட்டதால் அது மேற்கொண்டு எதையும் செய்யாது, துருவைத் தடுக்கவும் செய்யாது. நல்ல தயாரிப்புகளில் அதோடு துத்தநாகப் பாஸ்பேட் சேர்க்கிறார்கள். தடுக்கும் வேலை அதனுடையது. காரத்தால் சோப்பாகாத எபாக்சி பிரைமரை இரண்டு கோட் நேரடியாகத் தகட்டின்மேல் அடித்து, அது காய்ந்த பிறகே பட்டி பார்க்க வேண்டும் என்பது என் பரிந்துரை. வெறும் தகட்டின்மேல் பட்டியை அப்புவது நம் பட்டறைகளில் வழக்கமாக இருந்தாலும், பட்டி ஈரத்தை உறிஞ்சும் பொருள் என்பதை மறக்கக்கூடாது. துத்தநாகத் தூள் நிறைந்த பிரைமரை வாங்கினால் அது வெறும் தகட்டைத் தொட்டே தீர வேண்டும். எலக்ட்ரானை இரும்புக்குப் பதிலாகத் தான் கொடுத்து அழிவதுதான் துத்தநாகத்தின் வேலை, தொடாமல் கொடுக்க முடியாது.

காலத்தையும் சொல்லிவிட வேண்டும். சித்திரை வெயிலில் கை வைக்க முடியாத தகட்டின்மேல் தெளித்தால் தின்னர் முன்னதாகவே பறந்து பூச்சு சொரசொரப்பாகும். மழைக்காலத்தில் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பெயிண்ட் அடித்தால், தின்னர் ஆவியாகும்போது தகடு குளிர்ந்து, காற்றிலுள்ள ஈரம் அதன்மேல் படிந்து வெளுத்துப்போகும். வேலூருக்குத் தை, மாசி மாதங்களின் முற்பகல் ஏற்றது. ஹார்டனர் கலக்கும் பி.யு. (பாலியூரித்தேன்) பெயிண்டை வீட்டில் ஸ்ப்ரே செய்யவே வேண்டாம். அதிலுள்ள ஐசோசயனேட் மூச்சுக்குழலைப் பாதித்து ஆஸ்துமாவை உண்டாக்கும், முகத்தில் கட்டும் துணி அதைத் தடுக்காது.

பெயிண்ட் காய்ந்ததும் பூசணிக்காய் சுற்றி, பம்பரில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டுவார்கள். கட்டுவதைப் பற்றி எனக்கு வழக்கில்லை. இரும்புக் கம்பியில் கோத்து, சாறு கீறலில் வடியும்படி கட்டினால், சிட்ரிக் அமிலம் திருஷ்டியைவிட வேகமாக வேலை செய்யும் என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன். டெல்லி இரும்புத் தூணைக் காட்டி முன்னோர் துருப்பிடிக்காத இரும்பின் ரகசியத்தை மறைத்துவைத்தார்கள் என்பவர்களும் உண்டு. அந்த இரும்பில் பாஸ்பரஸ் மிகுந்திருந்ததும் அதனால் மேற்பரப்பில் ஒரு காப்புப் படலம் உருவானதும் கான்பூர் ஐ.ஐ.டி.யின் பாலசுப்ரமணியம் பொறுமையாக ஆராய்ந்து விளக்கியவை. ரகசியம் எதுவும் மீதமில்லை. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால் காரைக்குடியில், துருவையும் ஆராயும் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் எழுந்தது. 1948இல் அடிக்கல் நாட்டி 1953இல் திறந்தார்கள். அரிப்பால் உலகம் இழப்பது மொத்த உற்பத்தி மதிப்பில் 3.4 சதவீதம் என்று 2016இல் வெளியான ஒரு பன்னாட்டு மதிப்பீடு கூறுகிறது. அந்த இழப்பைப் பார்த்தால், துருவை ஆராய்பவர்களுக்கு நாம் ஒதுக்கும் பணம் கொசுறு என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

குடியாத்தத்துக்காரரின் வேனுக்குத் திரும்புகிறேன். கொப்புளம் எழுந்த இடத்தை மட்டும் சுரண்டிப் பூசினால் போதாது. காரம் கண்ணுக்குத் தெரியும் விளிம்பைத் தாண்டிப் பரவியிருக்கும் என்பதால், பெயிண்ட் நகத்துக்குப் பெயராத உறுதியான இடம் வரும்வரை சுற்றிலும் எடுத்துவிட வேண்டும். அடிப்புறத்தில் கழிவு ஆயில் அடிக்கும் பழக்கத்தை விட்டுவிடலாம்; அது ரப்பர் புஷ்ஷைக் கெடுத்து, வாசலிலும் சொட்டும். கதவுக்குள்ளும் பெட்டிக் குழல்களுக்குள்ளும் செலுத்தும் மெழுகுக் காப்பு இப்போது கடைகளில் கிடைக்கிறது. அதற்கு முன், கதவின் அடி விளிம்பில் மூன்று நான்கு வடிதுளைகள் இருக்கும். சென்ற பங்குனியில் பட்டியும் எனாமலும் அவற்றை அடைத்திருக்கவே வாய்ப்பு அதிகம். ஊரில் தீப்பெட்டிக்குப் பஞ்சமில்லை. ஒரு குச்சியை எடுத்து ஒவ்வொரு துளையிலும் விட்டுப் பாருங்கள். உள்ளேயிருந்து பழுப்பு நீர் வழிந்தால், அது ஐப்பசியில் புகுந்தது.