மண் திரள்: ‘அக்ரிகேட்’டுக்குத் தமிழ்

மண்ணியல் நூல்களில் ‘அக்ரிகேட்’ என்ற சொல் அடிக்கடி வரும். மணல், வண்டல், களித் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பொலபொலவென்று நிற்கும் சிறு உருண்டைக்கு அந்தப் பெயர். லத்தீனில் ‘கிரெக்ஸ்’ என்றால் மந்தை. மந்தையில் சேர்ப்பது என்ற வினையிலிருந்து பிறந்தது இது. கட்டுமானத் துறையிலும் இதே சொல் உண்டு. ஆனால் அங்கே அது ஜல்லி, மணல்.

சிலர் ‘மண்கட்டி’ என்று எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஈரம் சரியில்லாத நிலத்தை உழும்போது பெயர்ந்து வருவது கட்டி. அப்படி வெளியிலிருந்து வந்த விசையால் உண்டாவதல்ல இது. வேர், பூஞ்சை இழை, நுண்ணுயிர்கள் சுரக்கும் பசை, களித் துகள்களை இணைக்கும் கால்சியம் எல்லாம் உள்ளிருந்தே பிணைக்கின்றன. தானாகச் சேர்வதைத்தானே திரள்வது என்கிறோம்? ஆகவே ‘மண் திரள்’ என்பதே பொருத்தம்.

1982-இல் டிஸ்டால், ஓட்ஸ் என்ற ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் இந்தத் திரள்களுக்குள் ஒரு படிநிலை இருப்பதை விளக்கினார்கள். 0.25 மில்லிமீட்டருக்குக் குறைந்த நுண்திரளை நெடுநாள் நிலைக்கும் மட்கு, அதாவது மக்கிப்போன உயிர்ப்பொருள், பிணைக்கிறது; உழுதாலும் அது எளிதில் குலையாது. அதைவிடப் பெரிய திரளைப் பிடித்து வைத்திருப்பவை பெரும்பாலும் வேர்களும் பூஞ்சை இழைகளும்தான். அதனால் ஓயாமல் உழுதால் முதலில் குலைவது பெருந்திரள்.

உறுதியைக் கண்ணாலேயே பார்க்கலாம். நன்றாகக் காய்ந்த திரள் ஒன்றை டம்ளரில் மழைநீர் ஊற்றி மெல்ல விடுங்கள். நீர் உள்ளே பாயும்போது சிக்கிய காற்று நெருக்குண்டு குமிழ்குமிழாக வெளியேறும். பிணைப்பு போதாத திரள் சில நிமிடங்களில் சரிந்து துண்டுதுண்டாகும். இதைக் ‘குலைதல்’ எனலாம். அப்புறம் துண்டுகளைச் சுற்றிப் பால்போலக் கலங்கல் பரவினால் அது வேறு சங்கதி: களித் துகளே பிரிந்து மிதக்கிறது. சோடியம் மிகுந்த மண்ணில் இது சாதாரணம். இதற்குப் பெயர் ‘சிதறல்’. குலைதலுக்குத் தேவை மட்கு; சோடியத்தால் வரும் சிதறலுக்கு ஜிப்சம். இரண்டையும் ‘கரைதல்’ என்று பொதுவாக எழுதிவிட்டால் மருந்து மாறிப்போகும்.

நீரில் குலையாத திரளை ‘நீர்நிலைத் திரள்’ என்று சுருக்க வேண்டாம். படிப்பவர் ஏரி குளத்தைத் தேடுவார். ‘நீரில் நிலைக்கும் திரள்’ என்று விரித்தே எழுதலாம்.