மரப் பரணில் ஏறும்போது அம்பு எங்கே இருக்கிறது?

வில் வேட்டைக்குப் போய் எங்களிடம் வந்த ஒருவருடைய வலது தொடையில் அம்பு குத்தி நின்றது. யாரும் எய்யவில்லை. பரணிலிருந்து இருட்டில் இறங்கியிருக்கிறார். வில் தோளில், அம்புகள் வில்லோடு சேர்ந்த அம்பறாத்தூணியில். ஏணியில் இன்னும் ஆறேழு படிதான் பாக்கி. ஈரப்படி வழுக்கியது. அந்த உயரத்திலிருந்து வெறுங்கையோடு விழுந்திருந்தால் கணுக்கால் பிசகியிருக்கும், அவ்வளவுதான்.

நான் அமெரிக்காவின் விஸ்கான்சினில் அவசர சிகிச்சை மருத்துவர். இங்கே செப்டம்பர் நடுவில் வில் வேட்டைப் பருவம் தொடங்குகிறது. நவம்பர் முதல் வாரங்களில், வெண்வால் மான்கள் இணைசேரும் நேரத்தில், காட்டோரம் போகிறவர்கள் கூட்டம் கூடும். எங்களிடம் வருகிறவர்களும் கூடுவார்கள். இந்தியாவில் 1972 வனவிலங்குச் சட்டத்துக்குப் பிறகு வேட்டை என்றாலே குற்றம் என்றுதான் நாம் வளர்ந்தோம். இங்கே அது உரிமம் வாங்கிச் செய்யும் காரியம். வேலைக்கு வந்த நம் ஆட்கள் சிலரும் அலுவலக நண்பர்களோடு போகத் தொடங்கியிருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதைத் தமிழில் எழுதுகிறேன். (மேலே சொன்னவரை அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

பரண் என்றால் கம்பங்கொல்லைக் காவலுக்குப் போடும் பரண் நமக்கு நினைவுக்கு வரும். இது மரத்தில் பட்டையால் இறுக்கிக் கட்டிய சின்ன இரும்பு இருக்கை. உயரம் பெரும்பாலும் 15 முதல் 20 அடி. கால் வைக்க ஒரு தட்டு, அவ்வளவே இடம். அதில் உட்கார்ந்திருக்கும்போது நடப்பதைவிட ஏறும்போதும் இறங்கும்போதும், ஏணியிலிருந்து தட்டுக்குக் காலை மாற்றும் அந்த ஒரு நொடியிலும்தான் ஆட்கள் விழுகிறார்கள். அந்த நேரத்தில் உடம்போடு அம்பு இருக்கக் கூடாது. நான் சொல்ல வருவது இந்த ஒன்றைத்தான்.

வேட்டை அம்பின் முனையைக் கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்குக் காரணம் புரியும். பயிற்சிக்குப் பயன்படுத்தும் மழுங்கல் முனை வேறு. பிராட்ஹெட் எனப்படும் இதில் இரண்டோ மூன்றோ சவரக்கத்தி போன்ற பிளேடுகள் இருக்கும். மானின் ரத்தக் குழாய்களை அறுப்பதற்காகவே செய்தது. மனிதத் தொடையின் ரத்தக் குழாயையும் அப்படியே அறுக்கும்.

ஆகவே வரிசை இதுதான். தரையில் நிற்கும்போதே ஹார்னஸை, அதாவது விழாமல் தாங்கும் உடல் பட்டையை, மாட்டிக்கொள்ளுங்கள். அடிமரத்திலிருந்து பரணுக்கு மேல்வரை போகும் லைஃப்லைன் கயிற்றில், புரூசிக் முடிச்சோடு (கையால் நகர்த்தலாம், எடை விழுந்தால் இறுகிக்கொள்ளும் முடிச்சு) உங்களை இணைத்துக்கொள்ளுங்கள். வெறுங்கையோடு ஏறுங்கள். மேலே போய், உட்கார்ந்து, இணைப்புக் கயிறு தொய்வில்லாமல் இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் வில்லை இழுகயிற்றால் மேலே தூக்க வேண்டும். அம்பு நாணில் ஏறியிருக்கக் கூடாது. எல்லா முனைகளும் தூணியின் மூடிக்குள் இருக்க வேண்டும்.

பலரும் கவனிக்காத ஒன்று: நீங்கள் ஏறும்போது அந்த வில் தரையில் எங்கே கிடக்கிறது? ஏணிக்கு நேர் கீழே வைத்துவிட்டு ஏறினால், விழும்போது அதன் மேல்தான் விழுவீர்கள். கயிற்றுக்கு நீளம் கூட்டி, வில்லை மரத்திலிருந்து சில அடி தள்ளி வையுங்கள். கயிற்றின் மறுமுனையை இடுப்பில் கட்டாதீர்கள், பரணில் கட்டி வையுங்கள். நாணைப் பிடித்து இழுத்து விடுவதற்காக மணிக்கட்டில் மாட்டும் ரிலீஸ் கருவியையும் ஏறும்போது பைக்குள் போடுங்கள், படியில் மாட்டும்.

கைபேசி மட்டும் மரத்தில் தொங்கும் பைக்குள் போகக் கூடாது. ஹார்னஸில் தொங்கிக்கொண்டு எட்டாத பையைப் பார்த்துக்கொண்டிருந்த ஒருவரை எனக்குத் தெரியும். தொங்கும்போது தொடைப் பட்டைகள் அழுத்தி, கால்களில் ரத்தம் தேங்கி, மயக்கம் வரலாம். ஹார்னஸோடு வரும் கால்பட்டையில் ஏறி நின்று கால்களை அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும். கைபேசி சட்டைப்பையில், ஜிப்பை மூடி.

அப்புறம் கார்பன் அம்பு. மரத்தில் உரசியோ கீழே விழுந்தோ கீறல் விழுந்த அம்பை எய்தால், விடுபடும் நொடியில் அது சிதறி வில் பிடித்த கையிலேயே ஏறும். கார்பன் சிராய் எக்ஸ்ரேயில் சரியாகத் தெரியாது. அல்ட்ராசவுண்ட் வைத்துத் தேடித் தேடி எடுக்க வேண்டியிருக்கும். ஒவ்வொரு அம்பையும் காதருகே பிடித்து இலேசாக வளைத்துப் பாருங்கள். மெல்லிய வெடிப்புச் சத்தம் கேட்டால் அதைத் தூக்கிப் போடுங்கள். பரணிலிருந்து வில் கீழே விழுந்தால் அன்றைக்கு வேட்டை முடிந்தது. அதைச் சோதிக்காமல் நாணை இழுக்காதீர்கள்.

என்னிடம் வந்தவர்களில் பலர் தவறியது அம்பு எய்த பிறகு. மான் மேல் அம்பு பட்டதும் நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், உடனே இறங்கி ஓடத் தோன்றும். அனுபவசாலிகள் அரை மணி நேரமாவது காத்திருக்கச் சொல்வார்கள், அடிபட்ட மானை விரட்டாமல் இருக்க. மருத்துவராக நான் அந்த அரை மணியை உங்கள் கைக்காகவும் கேட்கிறேன். நடுக்கம் நிற்கட்டும். மீதி அம்புகள் மூடிக்குள் போகட்டும். வில் முதலில் கயிற்றில் இறங்கட்டும், கீழே ஒரு பக்கமாக. பிறகு நீங்கள்.

சரி, குத்திவிட்டால்? பிடுங்காதீர்கள். உள்ளே இருக்கும் பிளேடே சில சமயம் ரத்தக் குழாயை அடைத்துக்கொண்டிருக்கும், பிடுங்கினால் வெளியே வரும்போது இன்னொரு முறை அறுக்கும். அம்பு அசையாமல் சுற்றிலும் துணி வைத்துக் கட்டுங்கள், இங்குள்ள அவசர எண் 911-ஐ அழையுங்கள். கை கால் காயத்தில் ரத்தம் பீய்ச்சினால் காயத்துக்கு இரண்டு மூன்று அங்குலம் மேலே டூர்னிக்கே (ரத்தத்தை நிறுத்த இறுக்கிக் கட்டும் பட்டை) போடுங்கள், மூட்டின் மேல் வேண்டாம், போட்ட நேரத்தைக் குறித்து வையுங்கள். தொடையில் குத்திய அந்த மனிதரின் மைத்துனர் அம்பைத் தொடவே இல்லை. தன் சட்டையைக் கழற்றிச் சுற்றிக் கட்டி, ஆம்புலன்ஸ் வரும்வரை அதைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். அவர் செய்தது போதுமானதாக இருந்தது.

கடைசியாக மானின் வயிறு. அம்பு ஊடுருவி வெளியேறாமல் உடைந்திருந்தால் முனை உள்ளே இருக்கும். குடலை எடுக்க இருட்டில் கையை விட்டு, இரண்டு விரல்களின் தசைநாண் அறுபட்டு வந்தவருக்கு மாதக்கணக்கில் பயிற்சி தேவைப்பட்டது. கை விடும் முன் அம்பைத் தேடுங்கள். கிடைத்தால் பிளேடுகளை எண்ணுங்கள். மூன்று பிளேடு முனையில் இரண்டுதான் இருக்கிறது என்றால், மூன்றாவது இன்னும் உள்ளே இருக்கிறது.