குல வடிவகம்: ‘ஸ்கீம்’ திட்டம் இல்லை

எண்கணித வடிவியலில் ‘ஸ்கீம்’ என்பது, சமன்பாடுகளின் தீர்வுகளை மட்டுமல்லாமல் சமன்பாட்டையும் சேர்த்தே நினைவில் வைத்திருக்கும் ஒரு பொருள். அங்கே வரும் ‘குரூப் ஸ்கீம்’ என்ற சொல்லை அகராதி பார்த்துப் பெயர்த்தால் ‘குலத் திட்டம்’ என்று வரும். ஏதோ சமூகநலத் துறை அறிவிப்பு மாதிரி இருக்கிறது. ‘குலம்’ (கூட்டல், பெருக்கல் போன்ற ஒரு செயலால் இணைத்து, திருப்பியும் அவிழ்க்கக்கூடிய உறுப்புகளின் தொகுதி) சரிதான், நம் கணிதத்தில் ஊன்றிவிட்ட சொல். கோளாறு ‘திட்டத்தில்’ இருக்கிறது.

கிரேக்கத்தில் ‘ஸ்கேமா’ என்றால் உருவம், தோற்றம். திட்டம் என்ற பொருள் பின்னால் ஒட்டியது. பிரெஞ்சில் ‘ஷேமா’ என்று கணிதத்துக்குள் நுழைந்த சொல்லை, கணிதவியலர் குரோத்தெண்டிக் 1960 முதல் சக கணிதவியலர் தியூதொன்னேயின் துணையோடு வெளியிட்ட பெருநூல் நிலைநிறுத்தியது. அதிலும் இன்று ஸ்கீம் என்பதற்கு முதலில் ‘முன்-ஷேமா’ என்றுதான் பெயர். 1971 பதிப்பில்தான் ‘முன்’ உதிர்ந்தது.

உருவம் என்பது ஏன் பொருந்துகிறது? க⁵ = 1 என்ற சமன்பாட்டை எடுங்கள். சிக்கலெண்களில் ஐந்து மூலங்கள், வட்டத்தில் சம இடைவெளியில் நிற்கும். 5 = 0 ஆகிவிடும் களத்தில் (கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் நான்கும் செல்லும் எண் அமைப்பைக் களம் என்பார்கள்) இதே சமன்பாடு (க − 1)⁵ = 0 என்று சுருங்கிவிடும். மூலம் ஒன்றே ஒன்று. வெறும் குலமாகப் பார்த்தால் ஓர் உறுப்புதான். ஸ்கீமாகப் பார்த்தால் வரிசை, அதாவது எண்ணிக்கை அளவு, 5: அந்த ஒரே மூலத்தை ஐந்து முறை எண்ணுகிறோம். சமன்பாட்டின் உருவம் அந்த ஒரு புள்ளிக்குள் மடிந்து கிடக்கிறது. ‘உருவகம்’ என்றே சொல்லியிருப்பேன், அதை அணி இலக்கணம் எப்போதோ எடுத்துக்கொண்டுவிட்டது. ஆகவே என் தேர்வு ‘வடிவகம்’: குல வடிவகம்.

இப்படி மடிந்து கிடப்பவற்றை எப்படி வகைப்படுத்துவது? அதே தியூதொன்னேதான் வழி காட்டினார். வடிவகத்துக்குப் பதில் ஒரு மாட்யூல் (திசையன் வெளி போன்ற ஓர் அமைப்பு), அதன்மேல் இரண்டு செயலிகள், அதாவது அதன் உறுப்புகளை மாற்றும் விதிகள். ஒன்று, கணிதவியலர் ஒருவரின் பெயர் கொண்ட ஃப்ரோபீனியஸ். மற்றது ஜெர்மனில் ‘ஃபெர்ஷீபுங்’, அதாவது இடம் தள்ளுதல். இதற்கு நம்மிடம் சொல் தயாராகவே இருக்கிறது: பெயர்ச்சி. குருப்பெயர்ச்சியில் வருகிற அதே பெயர்ச்சி!

நிபந்தனை ஒன்றுதான். இரண்டையும் அடுத்தடுத்துச் செய்தால் 5-ஆல் பெருக்கியதாக வேண்டும். அந்தக் களத்தில் எல்லாப் பல்லுறுப்புக் கோவைக்கும் மூலம் உண்டு என்று வைத்துக்கொண்டு, வரிசை 5 உள்ள வடிவகங்களைத் தேடுவோம். மாட்யூல் ஒற்றைப் பரிமாண வெளி, 5-ஓ பூச்சியம். ஆக, இரு செயலிகளில் ஒன்றாவது பூச்சியமாக வேண்டும். முதலாவது மட்டும் பூச்சியம், இரண்டாவது மட்டும் பூச்சியம், இரண்டும் பூச்சியம். மூன்றே மூன்று வடிவகங்கள். நம் க⁵ = 1 அவற்றில் ஒன்று; இரண்டும் பூச்சியமாவது, கூட்டலைச் செயலாகக் கொண்ட க⁵ = 0.